பெருமாயி தூக்கப் போகும் கை

கள்ளக்குறிச்சி
9-11-1998

என் கண்ணு அத்தியாவுக்கு அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையில் உன் அத்தாவும் நானும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீயும் அந்த வெளிநாட்டுக் கடற்கரை ஊரில் வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு, குளிரில் காதை மூடிக்கொண்டு நன்றாகத்தான் இருப்பாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், அது நிஜமா என்று நீதான் எழுத வேண்டும்.

இங்கே பத்து நாளாக மழை விடவில்லை. கடையின் பின்கட்டு ஒழுகி இரண்டு மூட்டைப் புளி நனைந்துவிட்டது. அத்தாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் கம்மி, ஆனாலும் தொழுகைக்கு நாற்காலி வேண்டியிருக்கிறது. சின்னசேலத்தில் உன் மாமி ஷர்புன்னிசா பேரனுக்குப் பெயர் வைக்கக் கூப்பிட்டாள், நான் போகவில்லை, கோபித்துக்கொண்டிருப்பாள். நாலு பேரோடு உட்கார்ந்து சிரித்துப் பேச இப்போது என்னால் ஆகாது. ஒரு இடத்தில் நிலைகொள்ளவில்லை அத்தியா. அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் கடைக்கு வந்துவிடுகிறேன், கடையில் நின்றால் வீட்டில் எதையோ மறந்தது போல இருக்கிறது. தபால்காரர் தெருமுனையில் திரும்பினாலே கையில் இருப்பதைப் போட்டுவிட்டு உள்ளே போய்விடுகிறேன். போனில் சொல்லலாம் என்றால் பூத்துக்காரர் பக்கத்திலேயே காதை வைத்துக்கொண்டு இருப்பார், நீயும் நடுவில் அழுதுவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். நான் ஒரு தப்புப் பண்ணிவிட்டேன், அதை முதலிலிருந்து சொன்னால்தான் உனக்குப் புரியும்.

உன் வேலை என்ன என்று யாராவது கேட்டால் நான் ஒரே மாதிரிதான் சொல்வேன். பல நாட்டு அரசாங்கங்கள் சேர்ந்து ஒரு மையம் நடத்துகின்றன, உலகத்து மக்கள் ஒருவருக்கொருவர் துணையாக நிற்கவும், வேறு வேறு பழக்கவழக்கம் உள்ளவர்கள் எதிரெதிரே உட்கார்ந்து பேசவும் அந்த மையம், அதை நடத்தும் குழுவில் அரசாங்கங்களுக்கு இருபது நாற்காலி, மக்கள் அமைப்புகளுக்கு நாலே நாலு, அந்தக் குழு கூடும்போது யார் என்ன பேசினார்கள், யார் எதற்குக் கை தூக்கினார்கள் என்று குறிப்பு எழுதுகிறவள் என் மகள் என்பேன். கேட்கிறவர்களுக்குப் பாதி புரியாது. மலையில் வெள்ளிமலைப் பக்கம் இருக்கும் பெருமாயிக்கு மட்டும் உடனே புரிந்தது. ஆடி மாதம் நீ உன் மையத்து ஆட்கள் மூன்று பேரைக் கல்வராயன் மலைக்குக் கூட்டிப்போனபோது, நம் கடைக்குச் சாமையும் கடுக்காயும் கொண்டுவந்து போடுகிறவள் என்ற பழக்கத்தில்தானே அவள் வீட்டுக்கு முதலில் போனீர்கள். ஏழு ஊர் சனம் அவளை முன்னால் விட்டுப் பேசச் சொன்னது. நாலு நாள் பேசிவிட்டுக் கிளம்பும்போது அந்த வெள்ளை முடிக்காரர், குழுவில் இருக்கிறவர், தை மாதக் கூட்டத்துக்கு இந்த அம்மாள் வரட்டும், எங்களோடு சமமாக உட்காரட்டும், கடிதம் அனுப்புகிறோம் என்று எல்லார் முன்னாலும் சொன்னார். நீதான் அதைத் தமிழில் சொன்னாய். அன்றைக்கு உன் முகத்தில் இருந்த சந்தோஷம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் புதன்கிழமை தவறாமல் இறங்கி வந்து, மூட்டையை இறக்கும் முன்னாலேயே, கடுதாசி வந்துச்சா பாயம்மா என்று கேட்பாள். அத்தா தாலுக்கா ஆபீசுக்கு ஏழெட்டு நடை நடந்து அவளுக்கு வயதுச் சான்று வாங்கி, பாஸ்போர்ட்டும் வந்துவிட்டது. கடிதம்தான் வரவில்லை. புரட்டாசி கடைசிப் புதன் நல்ல மழை, கடையில் கூட்டம். அவள் நனைந்துகொண்டே வந்து கேட்டதும், எண்ணெய் வாங்க நின்ற ஒரு ஆள், இன்னாம்மா, ஏரோப்ளேன் வெள்ளிமலைக்கே வந்து ஏத்திகினு போவுதா என்றான். எல்லாரும் சிரித்தார்கள். பெருமாயியும் சிரிக்கப் பார்த்தாள், அவளால் முடியவில்லை. எனக்கு என்ன வந்ததோ தெரியாது, வந்துடுச்சு பெருமாயி, உனக்கு நாற்காலி போட்டாச்சு, நேத்துதான் வந்துச்சு என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கை ஜில்லென்று இருந்தது. அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம், கூட்டம் கலைந்த பிறகாவது சொல்லியிருக்கலாம். எப்படியும் வரத்தானே போகிறது, ஒரு வாரம் முன்பின் ஆனால் என்ன என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன்.

அவள் மலைக்குப் போய்ச் சொன்னதில் ஏழு ஊரும் கூடிவிட்டது. இரண்டு நாள் பேசியிருக்கிறார்கள். பாதை கேட்கலாம் என்றார்களாம் சிலர், பள்ளிக்கூடத்துக்கு வாத்தியார் கேட்கலாம் என்றார்களாம் சிலர். அதெல்லாம் நம்ம சர்க்காரிடம் கேட்க வேண்டியது, அங்கே போய் வேறு ஒன்று கேட்க வேண்டும் என்று ஊர்ப் பெரியவர் கரியன் சொல்லி, கடைசியில் ஒரே ஒரு வார்த்தைக்கு ஒத்துக்கொண்டார்கள். எங்களைப் பற்றி எழுதுவதை எங்களுக்குப் படித்துக் காட்டிவிட்டுத்தான் எழுத வேண்டும். இவ்வளவுதான். ஆடி மாதம் வந்தவர்கள் போய் எழுதிய அறிக்கையில் மலை சனம் உள்ளதை வைத்துத் திருப்தியாக வாழ்கிறது என்று இருக்கிறதாமே, நீ எனக்குச் சொன்னதை நான்தான் அவளிடம் சொல்லியிருந்தேன். பெருமாயி தன் மகள் செவ்வந்தியின் கல்யாணத்தைத் தையிலிருந்து மாசிக்குத் தள்ளிவைத்துவிட்டாள். இதெல்லாம் என் ஒரு பொய்யினால்.

பிறகு மையத்தின் பதிலோடு உன் கடிதம் வந்தது. பெருமாயி பார்வையாளராக வரலாம், பின்வரிசை, பேச மூன்று நிமிஷம், பேசப்போவதை முன்கூட்டியே எழுதி அனுப்ப வேண்டும், வாக்கு கிடையாது. அதோடு அந்த நாலு மக்கள் நாற்காலிகளுக்கும் இனிமேல் வாக்கு வேண்டாம் என்று புது விதி வருகிறது, தைக் கூட்டத்தில் அதைத்தான் முடிவு செய்யப்போகிறார்கள், இரண்டு நாடுகள் இது நடக்காவிட்டால் விலகிவிடுவோம் என்கின்றன என்று எழுதியிருந்தாய். நான் பூத்துக்கு ஓடிப்போய் உன்னோடு பேசினேன். இதை எதிர்த்துப் பேசினால் மார்ச்சில் என் வேலையை நீட்டிக்க மாட்டார்கள் என்று நீ அழுதாய். வாயை மூடிக்கொண்டு உன் வேலையைப் பார் என்று நான் சொன்னேன். சொல்லிவிட்டு வீட்டுக்கு நடக்கும்போதே எனக்கு என்னவோ போல இருந்தது.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் அத்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். நீ போய்ச் சொல்லு, நான் வந்தா உனக்குப் பதிலா நான் பேசிடுவேன், தனியாப் போ என்றார். மறுநாள் காலை பஸ்ஸில் போனேன். கச்சிராயபாளையம் தாண்டியதும் மலைப்பாதையில் மண் சரிந்து பஸ் ஒரு மணி நேரம் நின்றது. இறங்கி அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடலாமா என்று எத்தனையோ தடவை நினைத்தேன். நான் வந்ததைப் பார்த்ததும் சந்தோஷத்தில் கூட்டம் சேர்த்துவிட்டார்கள், அறுபது எழுபது பேர் இருக்கும். அந்தக் கூட்டத்தின் நடுவில்தான் நான் சொல்ல வேண்டியிருந்தது. கடிதம் வந்ததாக நான் சொன்னது பொய், உண்மையான கடிதம் இப்போதுதான் வந்தது, அதில் இருப்பது இதுதான் என்று ஒன்று விடாமல் சொன்னேன். கரியன் எழுந்து போய்விட்டார். அவர் பின்னாலேயே நிறையப் பேர் போனார்கள். ஒருத்தி, எங்கள பைத்தியக்காரங்கன்னு நெனச்சிகினியா என்று கேட்டாள்.

பெருமாயி கத்தவில்லை. அதுதான் தாங்கவில்லை. எங்களுக்கு எது தெரியணும், எது தெரியக் கூடாதுன்னு நீயே முடிவு பண்ணிகினியே பாயம்மா, அங்க இருக்கறவங்களும் அதத்தானே பண்றாங்க, அவங்களுக்கும் உனக்கும் இன்னா வித்தியாசம் என்றாள். அத்தியா, நான் இருபத்தெட்டு வருஷமாக அவளுக்கு வேண்டியவள் என்று நினைத்துக்கொண்டிருந்தவள். நீ அவமானப்படக் கூடாது என்றுதானே சொன்னேன் என்றேன். நான் சிரிச்சி சமாளிச்சிருப்பேன், அது என் பாடு என்றாள். இந்த மலைய ஜாகீர்தாருங்க ஆண்ட காலத்துல எங்கப்பன் அவங்க வாசல்ல நின்னுகினே சேதி கேட்டுகினு வருவான், உள்ள இன்னா பேசறாங்கன்னு அவனுக்குத் தெரியாது, நான் அப்பிடி இருக்கக் கூடாதுன்னுதான் இவ்ளோ ஆசப்பட்டேன் என்று சொல்லும்போதுதான் அவள் குரல் உடைந்தது.

என்னைத் தனியாக அவள் வீட்டில் உட்கார வைத்துவிட்டு மறுபடி கூடினார்கள். போனவர்களையும் கூப்பிட்டு அனுப்பினார்கள். செவ்வந்தி எனக்குக் கேழ்வரகுக் களி கொண்டுவந்து வைத்தாள், அதை அப்படியே மூடி வைத்தேன். வெளியே சத்தம் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. போகவே கூடாது என்று பாதிப் பேர். சாயந்திர பஸ்ஸுக்குக் கொஞ்ச நேரம் இருக்கும்போது பெருமாயி வந்தாள், கூடவே கரியன். அவர் என் முகத்தைப் பார்க்காமலேதான் சொன்னார். எங்க ஊரு இவள அனுப்புது. எழுதிக் குடுத்துட்டுப் பேச மாட்டா. பின்னால உக்காரச் சொன்னா உக்காருவா. அந்த நாலு பேருக்கு வாக்கு வேணுமா வேணாமான்னு கை தூக்கச் சொல்றப்ப இவளும் வேணும்னு கை தூக்குவா. எண்ணறதும் எண்ணாம வுடறதும் அவங்க இஷ்டம். ஆனா பின்வரிசையில ஒரு கை தூக்குச்சுன்னு அந்தக் குறிப்புல எழுதணும். எழுதறது உன் பொண்ணுதானே. அவ எழுதுவாளான்னு மட்டும் கேட்டுச் சொல்லு. எழுதமாட்டான்னா அதையும் சொல்லு, இவள நாங்க அனுப்பல.

இதுதான் அத்தியா நடந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு ஒரே யோசனை. அந்தக் கையைக் குறிப்பில் எழுதி அதனால் உன் வேலை போனால் நீ என்ன செய்வாய், அந்த ஊரில் இருப்பாயா, இங்கே வந்துவிடுவாயா, வந்தால் உனக்கு இங்கே பிடிக்குமா என்று ஒரு பக்கம். நீ எழுதாமல் விட்டுவிட்டு அங்கேயே இருந்து பெரிய பதவிக்குப் போனால் நான் பெருமாயியின் முகத்தில் புதன்கிழமை தோறும் எப்படி விழிப்பது என்று ஒரு பக்கம். அத்தாவைக் கேட்டேன். அது அத்தியா எழுதற குறிப்பு, அத்தியாதான் சொல்லணும் என்கிறார், வேறு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. அவருக்கும் தூக்கம் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

வாயை மூடிக்கொண்டிரு என்று நான் போனில் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். அதற்குப் பதிலாக எழுது என்றும் சொல்ல மாட்டேன். ஒருத்திக்காக நானே முடிவு பண்ணி இப்போதுதான் பட்டிருக்கிறேன், உனக்கும் அதையே செய்ய மாட்டேன். ஒன்று மட்டும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். உன் பதில் வந்த அன்றைக்கே முதல் பஸ்ஸில் மலைக்குக் கொண்டுபோய், அவர்கள் முன்னால் உறையைப் பிரித்து, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படிப்பதாக அல்லாஹ்வின் மேல் சத்தியம் பண்ணிவிட்டு வந்திருக்கிறேன். நான் முன்னாலேயே பார்க்க மாட்டேன், எதையும் கூட்ட மாட்டேன், மறைக்க மாட்டேன். அதனால் நீ எனக்கு எழுதுவதாக நினைக்காதே, அவர்களுக்கு எழுது. பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்றே எழுது, அதையும் படிப்பேன். அவர்கள் கேட்டுக்கொள்வார்கள். என்னிடம் மட்டும் சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால், மகளே, அதை வேறு உறையில் போடு.

கூட்டத்துக்கு இன்னும் இரண்டு மாதத்துக்குக் கொஞ்சம் மேல்தான் இருக்கிறது, தபாலுக்குப் பன்னிரண்டு நாள் ஆகிறது, பெருமாயிக்கு விசாவும் வாங்க வேண்டும், தாமதிக்காதே. தைலம் தீர்ந்திருந்தால் எழுது, அனுப்புகிறேன். அல்லாஹ் உனக்கு நல்ல உடம்பையும் தெளிந்த மனசையும் தருவானாக, நீ எதைத் தேர்ந்தெடுத்தாலும் அதில் பரக்கத் செய்வானாக. அத்தா தன் துஆவைத் தனியாகச் சொல்லச் சொன்னார்.

உன் பதிலைப் பிரிக்காமல் வைத்திருக்கப்போகும்
அம்மா
அஸ்ரப் நிஷா