வேன் தொட்டியும் நானும்

5-3-1984, திங்கள்

இன்றும் தொட்டிக்குள் இறங்கினேன். பதினைந்து நாளுக்கு ஒரு முறை இந்தக் கண்ணராவி.

பூமியைத் துளைத்துச் சுண்ணாம்புக்கல் தேடும் எங்கள் சர்வே கம்பெனிக்கு ஒரு வீட்டு வேன் உண்டு. உள்ளே படுக்கை, அடுப்பு, குளிக்க ஒரு மூலை. அடியில் அறுநூறு லிட்டர் தொட்டி. ஆலத்தியூர் பக்கம் வேலை முடிந்து இப்போது குன்னத்துக்கு வெளியே பருத்திக்காட்டு ஓரம் நிற்கிறோம். தொட்டியின் வாய் சின்னது. ஒல்லியான ஆள் நான் ஒருத்தன்தான். உள்ளே குறுகி உட்கார்ந்து தேங்காய் நாரால் பாசியைத் தேய்த்தேன். வேர்வை கண்ணில் இறங்குகிறது, துடைக்கக் கையைத் தூக்க இடமில்லை.

வெளியே வந்தால் டிரைவர் நல்லுசாமி, "முடிஞ்சுதா? தள்ளி நில்லு. குழாய்ப் பக்கம் வராத" என்கிறான். அவனுக்கு உடையார்பாளையத்தில் நிலம் இருக்கிறது, எனக்குக் காலனியில் குடிசை இருக்கிறது. அதனால் நான் குழாயைத் தொடக்கூடாது. எனக்கு வேப்பமரத்தடியில் தனிப் பானை, தனி டம்ளர். முழு உடம்பும் தொட்டிக்குள் போகலாம், விரல் மட்டும் குழாயில் படக்கூடாது. இதைக் கண்டுபிடித்த மூளையை எதைப் போட்டுக் கழுவுவது?

6-3-84

பிளீச்சிங் பவுடரை வாளியில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்றினேன். குழாயைத் திறந்து மருந்து வாடை வரும்வரை விடவேண்டும் என்பதால் இன்று மட்டும் தொட அனுமதி! மருந்து ஒரு நாள் முழுக்க உள்ளே நிற்க வேண்டும். யாரும் குடிக்கக்கூடாது என்று அட்டையில் எழுதி மாட்டினேன்.

7-3-84, புதன்

மருந்துத் தண்ணீரை வடித்து, இரண்டு தடவை அலசி, கம்பெனி போர்வெல் தண்ணீரை நிரப்பினேன். கடைசியாகக் குடிக்கிற அளவு மருந்து. பத்து மணிக்கு வேலை முடிந்தது.

மத்தியானம் துரப்பணக் கம்பிக்குக் கிரீஸ் எடுக்கத் திரும்பி வந்தேன். சமையல்காரர் வைரக்கண்ணு தொட்டியின் அடியில் உள்ள வடிகுழாயைத் திறந்து விட்டிருக்கிறார். நான் நிரப்பியது அத்தனையும் மண்ணில் ஓடுகிறது. நல்லுசாமி டிரம்மில் கொண்டு வந்த தண்ணீரை ஊற்றுகிறான். அவன் மச்சான் வயல் கிணற்றுத் தண்ணீர். கோடையில் முழங்கால் ஆழம்தான் இருக்கும். வெங்காயம் கழுவினதும் மாடு குளித்ததும் அதிலேதான் வடியும். வைரக்கண்ணு ஒரு வேப்பிலைக் கொத்தையும் உள்ளே போட்டார்.

"அவன் உக்காந்து எந்திரிச்ச தொட்டி. தீட்டுக் கழியணும்ல" என்றார். நான் வண்டிக்குப் பின்னால் நின்றது அவர்களுக்குத் தெரியாது.

அப்போ ஒவ்வொரு தடவையும் இதுதான் நடக்கிறது! நான் தேய்த்து எடுக்கிற பாசி இவனுங்க ஊத்துனதுதான்.

ஜியாலஜிஸ்ட் அழகேசன் சாரிடம் சொல்லலாமா? சார் கெட்டவர் இல்லை. ஆனால் என் டம்ளர் ஏன் தனியாக இருக்கிறது என்று எட்டு மாதத்தில் ஒரு நாள் கேட்டதில்லை. என்னை நிரந்தரமாக்கும் காகிதத்தில் இந்த மாதக் கடைசிக்குள் அவர் கையெழுத்துப் போட வேண்டும். டிரைவர் மேல் புகார் சொன்னால் போடுவாரா?

சொல்லவில்லை. பயம் மட்டும் காரணமில்லை. குடிக்கட்டும் என்று நினைத்தேன். நல்லாக் குடிக்கட்டும்.

8-3-84

குடித்தார்கள்.

10-3-84, சனி

சார், டிரைவர், சமையல்காரர், துரப்பண ஆட்கள் இரண்டு பேர், வேனில் ஐந்து பேருக்கும் வயிற்றோட்டம். நல்லுசாமி பருத்திக்காட்டுக்கும் வேனுக்குமாக நடந்து நடந்து இப்போது தவழ்கிறான். எனக்குச் சிரிப்பு வந்தது. மறைக்கவும் இல்லை.

மாலை அழகேசன் சார் நடக்க முடியாமல் விழுந்தார். கண் உள்ளே போய்விட்டது, தோலைக் கிள்ளினால் கிள்ளியபடியே நிற்கிறது. சிரிப்பு போன இடம் தெரியவில்லை. டிராக்டர் பிடித்து அரியலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வழியெல்லாம் என் மடியில் தலை. உப்பும் சர்க்கரையும் போட்டு என் பானைத் தண்ணீரைத்தான் கொடுத்தேன். மறுபேச்சில்லாமல் குடித்தார்.

அந்த மனுசன் செத்திருந்தா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே நான். ஒரே ஒரு வார்த்தை.

11-3-84

சாருக்கு மூன்று பாட்டில் குளுகோஸ் ஏறிவிட்டது. பிழைத்துக்கொள்வார் என்கிறார்கள். திரும்பி வந்தால் கேம்பில் வேறு கச்சேரி.

நல்லுசாமி ஊர்க்காரர்கள் நாலு பேரைக் கூட்டி வைத்திருக்கிறான். "அஞ்சு பேருக்கும் வந்துச்சு. இவனுக்கு மட்டும் ஏன் வரல? தொட்டிக்குள்ள எறங்குனவன் இவன். என்னத்தையோ கலந்துட்டான்!"

விஷம் வைத்தேனாம். போலீசில் எழுதிக் கொடுக்கப் போகிறார்களாம். வைரக்கண்ணு அடுப்புக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். என் வீட்டுக்காரி இருசம்மாள் சேதி கேட்டு ஓடி வந்தாள். "கேஸு ஆச்சுன்னா வேலையோட போவாதுங்க. உள்ள தள்ளிருவாங்க. நம்ம பக்கம் யாரு சாட்சி சொல்லுவா?" என்று அழுதாள். ஓட மட்டும் மாட்டேன் என்றேன்.

12-3-84, திங்கள்

ஆஸ்பத்திரியில் கேள்விப்பட்டு லேடி டாக்டர் சிந்தாமணி ஜீப்பில் வந்தார். ஐம்பது வயது இருக்கும், சிடுமூஞ்சி. வந்ததும் குழாய்த் தண்ணீரைக் கண்ணாடிக் குப்பியில் பிடித்து மருந்துச் சொட்டு விட்டார். பிளீச்சிங் இருந்தால் மஞ்சளாக வேண்டுமாம். ஆகவில்லை.

"பவுடர் போட்டியா?"

"போட்டேம்மா."

"அப்ப எங்க போச்சு?"

நான் பேசுவதற்குள் நல்லுசாமி முந்திக்கொண்டான். "பொய் சொல்றானுங்கம்மா. எங்க எல்லாருக்கும் வந்துச்சு, இவன் மட்டும் கல்லாட்டம் நிக்கிறான் பாருங்க."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "நீ இந்தத் தண்ணிய குடிக்கலையா?"

"இல்லம்மா."

"ஏன்?"

நான் நல்லுசாமியைப் பார்த்தேன். அவன் டயரைப் பார்த்தான். "அவங்க விடமாட்டாங்கம்மா. எனக்குத் தனிப் பானை. இன்னைக்கு நேத்து இல்ல, எட்டு மாசமா."

டாக்டர் வேப்பமரத்தடிப் பானையிடம் போய், என் டம்ளரில் மொண்டு குப்பியில் ஊற்றிச் சொட்டு விட்டார். நல்ல மஞ்சள். என் பானைக்கும் நான் மருந்து போடுவேன்.

பிறகு தொட்டி மூடியைத் திறக்கச் சொன்னார். வேப்பிலைக் கொத்து அழுகி மிதந்தது. கேட்காமலே வைரக்கண்ணு உளறிவிட்டார். "வேப்பிலை கிருமிக்கு நல்லதுதானுங்களே. தண்ணியும் நம்ம மனுசங்க கெணத்துத் தண்ணி..."

"மாத்துனத நீ பாத்தியா?" என்று டாக்டர் என்னைக் கேட்டார். பார்த்தேன் என்றேன். "ஏன் சொல்லல?" என்றார். சொன்னா யாரு கேப்பாங்க என்று ஆரம்பித்தேன், பிறகு எனக்கே அது முழு உண்மையாகப் படவில்லை. "கோவம்மா" என்றேன். ஒரு நிமிஷம் என்னையே முறைத்தார். "உன் கோவத்துக்கு ஒரு உசுரு போயிருக்கும்" என்றார். அந்தத் திட்டு எனக்கு வேண்டியதுதான். ஆனால் அவர்களுக்கு என்ன திட்டு விழுந்தது? ஒன்றும் இல்லை, கிணற்றுத் தண்ணீர் ஊற்றாதே என்பதோடு சரி.

நல்லுசாமி தோற்றதை ஒப்புக்கொள்கிற ஜாதியா? "என்ன இருந்தாலும் எனக்கு நம்பிக்கை இல்லீங்க. கோவம்னு அவனே சொல்றான். இனிமே அவன் கழுவுற தண்ணிய, எங்க கண்ணு முன்னாடி அவன் மொதல்ல குடிச்சுக் காட்டட்டும். அப்புறந்தான் நாங்க தொடுவோம்."

டாக்டர் பேனாவை எடுத்தார். முதல் முறையாக அவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ தெரிந்தது. "நல்ல யோசனை. எழுதிடறேன். தினமும் காலையில, இதே குழாயில."

30-3-84, வெள்ளி

சார் இளைத்துப் போய்த் திரும்பியிருக்கிறார். காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். போலீஸ் பேச்சை அப்புறம் யாரும் எடுக்கவில்லை. டிராக்டரில் போனதைப் பற்றி நானும் பேசவில்லை, அவரும் பேசவில்லை.

16-4-84, திங்கள்

நேற்று தொட்டி கழுவினேன். யாரும் எதையும் மாற்றி ஊற்றவில்லை. வேனுக்குள் டாக்டர் கையெழுத்தோடு தாள் ஒட்டியிருக்கிறது.

தினமும் காலை ஆறரைக்கு ஐந்து பேரும் டம்ளரோடு குழாயடியில் நிற்கிறார்கள். நான் குழாயைத் திறக்கிறேன். பிடித்து, அண்ணாந்து, நிதானமாகக் குடிக்கிறேன். அதுவரை ஒருத்தனும் தொடக்கூடாது, உத்தரவு. இன்று நல்லுசாமி, "சீக்கிரம்பா, நாக்கு வறளுது" என்றான்.

இன்னொரு டம்ளர் பிடித்தேன்.