மறு உத்தரவு வரும் வரை

டிசம்பர் 17

பகல் பராமரிப்பு இல்லத்தில் அறிவிப்பு ஒட்டிவிட்டார்கள். இருபதாம் தேதி முதல் ஜனவரி இரண்டு வரை விடுமுறை. ஊழியர்களுக்கும் குடும்பம் இருக்கிறதாம், குளிர் இருக்கிறதாம். எனக்கு மட்டும் என்ன, எருமைத் தோலா? பொறுப்பாளரிடம் கேட்டேவிட்டேன், "மறதிக்கு லீவு விடுவாங்களாம்மா?" என்று. அவள் சிரித்தாள். "நீங்களும் கொஞ்சம் ரெஸ்ட் எடுத்துக்கோங்க மேடம்" என்றாள். எப்படி எடுப்பதாம்?

பதினான்கு நாள். அவரும் நானும் இந்த மூன்று அறைகளும்.

டிசம்பர் 18

இன்றும் காலை ஐந்து மணிக்கு எழுந்து காக்கிச் சட்டையைத் தேடினார். ஓய்வு பெற்றுப் பதினோரு வருடம் ஆகிறது. முதலில் எல்லாம் அதைச் சொல்லிப் பார்த்தேன். தினமும் அது அவருக்குப் புதுச் செய்தி. தினமும் முகம் தொங்கிப்போகும். ஐந்து நிமிடம் கழித்து மறுபடியும், "டியூட்டிக்கு நேரமாச்சு."

சீட்டு யோசனை வந்தது மூன்று மாதம் முன்புதான். அவர் பேருந்து ஓட்டினார், நான் அதே பணிமனையின் அலுவலகத்தில் முப்பது வருடம் தட்டச்சர். ஆளை எனக்குத் தெரியும். வாயால் சொன்னால் எதையும் நம்பமாட்டார். கல்யாணத்துக்கு நான் சம்மதம் சொன்னபோதே "எழுத்துல தருவியா?" என்று கேட்ட மனுஷன். தாளில் இருந்தால் தலைமேல் வைத்துக்கொள்வார். ஆகவே, "இன்று தங்களுக்கு வார ஓய்வு" என்று எழுதி நீட்டுவேன். படிப்பார், மடித்துப் பையில் வைப்பார், போய்ப் படுத்துக்கொள்வார்.

ஒரே தொல்லை, அது ஒரு நாளைக்குத்தான் செல்லும்.

டிசம்பர் 19

எழுந்திருக்கக் கால் மணி நேரம் தாமதம். அதற்குள் ஷூ மாட்டிவிட்டார். கழற்ற வைக்க ஏழு மணி ஆயிற்று.

டிசம்பர் 21

அவரைப் படுக்க வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். எழுதினால் மனசு அடங்குமா பார்ப்போம்.

காலையில் நான் குளித்துக்கொண்டிருந்தேன். வந்து பார்த்தால் கதவு ஆவென்று திறந்து கிடக்கிறது. பனியில், ஸ்வெட்டர் இல்லாமல், பேருந்து நிலையம் வரைக்கும் போயிருக்கிறார். டிரைவர் டீ குடிக்க இறங்கிய நேரம் பார்த்து ஏறி ஸ்டீயரிங்கைப் பிடித்து உட்கார்ந்துவிட்டார். உள்ளே இருபது பேர்! அந்த டிரைவர் நல்லவன். கத்தவில்லை. "சார், உங்களை மாத்திவிட வந்திருக்கேன், இறங்குங்க" என்று சொல்லி இறக்கியிருக்கிறான். அவனுக்கு இருக்கும் புத்தி எனக்கு இல்லையே.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் திட்டினேன். தெருவில் நின்று திட்டினேன். "என்னை ஏங்க இப்படி உசிரோட கொல்றீங்க?" என்று கேட்டேன். அவர் குளிரில் உதடு நீலமாகி, "வண்டி லேட்டாகுதேம்மா" என்கிறார்.

நாளை மறுநாள் மகள் வருகிறாள். அவள் பாடம் நடத்துகிற கல்லூரிக்கு விடுமுறை, பத்து நாள் இருப்பாள். இந்த அலங்கோலத்தை அவள் பார்க்கக் கூடாது.

அலமாரி மேலிருந்து தட்டச்சுப் பொறியை இறக்கினேன். அலுவலகத்தில் கணினி வந்தபோது கழித்துக்கட்டியது. தினம் ஒரு சீட்டு எழுத என்னால் ஆகாது. ஒரே உத்தரவு, நீண்ட நாள் செல்கிற மாதிரி. "மறு உத்தரவு வரும் வரை தாங்கள் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்படுகிறீர்கள்." காரணம் இல்லாமல் அப்படி ஓர் உத்தரவை நான் அடித்ததே கிடையாது. விரல் தானாகவே போயிற்று. "பணியில் கவனக்குறைவு மற்றும் விபத்து காரணமாக."

எழுத்துப்பிழை கூட இல்லை.

டிசம்பர் 22

ஏழேகால் வரைக்கும் தூங்கினேன்! ஐந்து மணிக்குத் தாளை நீட்டினேன்; படித்தார், மடித்துப் பையில் வைத்தார், போய்ப் படுத்துவிட்டார், நானும் படுத்தேன். மூன்று மாதத்துக்கு முன்பே இது தோன்றியிருக்க வேண்டாமா, மரமண்டை.

டிசம்பர் 23

மகள் வந்துவிட்டாள். அவளைப் பார்த்ததும் பேரைச் சரியாகச் சொன்னார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். வைத்த சாப்பாடு வைத்தபடி இருக்கிறது. "அப்பா ஏம்மா இவ்வளவு டல்லா இருக்கார்?" என்றாள். குளிர் என்றேன்.

டிசம்பர் 24

தாளைச் சட்டைப் பையிலிருந்து எடுக்கிறார், படிக்கிறார், வைக்கிறார். கால் மணி நேரம் கழித்து மறுபடியும் எடுக்கிறார். இன்று மட்டும் பத்து முறை எண்ணினேன். பத்து முறையும் அவருக்குப் புதிதாக வேலை போகிறது. ஒவ்வொரு முறையும் "விபத்து" என்கிற இடத்தில் விரலை வைத்து நிறுத்துகிறார்.

முப்பத்திநான்கு வருடம் ஓட்டினார். ஒரு நாய்க்குட்டி மேல்கூட ஏற்றியதில்லை. நான் என்ன காரியம் செய்துவைத்திருக்கிறேன்?

டிசம்பர் 25

அவர் குளிக்கும்போது பையிலிருந்து தாளை எடுத்துக் கிழித்து அடுப்பில் போட்டேன். தீர்ந்தது என்று நினைத்தேன். சாயங்காலம் காலிப் பையையே தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தாள் போய்விட்டது, அதில் இருந்தது போகவில்லை. காலையில் சாப்பிட்டது நினைவில்லாதவருக்கு இது எப்படி நிற்கிறது?

டிசம்பர் 26

வெயிலில் உட்கார வைத்து நகம் வெட்டினேன். நான் யாரென்று இன்று தெரியவில்லை. இல்லத்து ஆயா என்று நினைத்தார்போல. திடீரென்று குரலைத் தாழ்த்தி, "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்மா" என்றார்.

"சொல்லுங்க."

"எனக்கு வேலை போயிடுச்சு. வண்டியில ஒரு குழந்தை அடிபட்டுடுச்சு. என் வீட்டுக்காரிகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. அவ பாவம், தாங்கமாட்டா."

குழந்தை என்று நான் அடிக்கவே இல்லை. விபத்து என்றுதான் அடித்தேன். அடிபட்டது யார் என்று அவரே தேடித் தேடி ஒரு குழந்தையைக் கண்டுபிடித்திருக்கிறார். ஐயோ.

"அதெல்லாம் பொய்ங்க, யாருக்கும் ஒண்ணும் ஆகல, அந்தத் தாளை அடிச்சதே நான்தான்" என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். அவர் என் கையைத் தட்டிக்கொடுத்தார். "நீங்க நல்லவங்க. ஆறுதலுக்குச் சொல்றீங்க."

மிச்சம் நாலு நகத்தை வெட்ட எனக்குக் கண் தெரியவில்லை.

டிசம்பர் 27

மகளிடம் சொல்லிவிட்டேன். மறைக்க முடியவில்லை. காலையில் அவளிடமும் "அந்தக் குழந்தை எந்த ஆஸ்பத்திரியில இருக்கு?" என்று கேட்டிருக்கிறார்.

கத்தினாள். கத்தட்டும். "அப்பாவை என்ன உங்க ஆபீஸ் ஃபைல்னு நினைச்சியா? கட்டி மூடி வைக்கறதுக்கு?" என்றாள். "பத்து நாள் வந்து பாத்துட்டுப் போற உனக்கு வாய் வேற கேக்குதா?" என்று நானும் விட்டேன். சொல்லியிருக்க வேண்டாம். அவள் கேட்டதில் என்ன தப்பு? இரண்டு பேரும் ஆளுக்கொரு அறையில் அழுதோம். அவர் நடுவறையில் நின்று, "சத்தம் போடாதீங்க, வீட்டுக்காரி எழுந்துடுவா" என்றார்.

டிசம்பர் 29

மகள் சொன்ன யோசனைதான். எழுத்தால் வந்ததை எழுத்தால் எடுப்போம் என்றாள். புது உத்தரவு அடித்தேன். "விசாரணையில் தங்கள் மீதான குற்றச்சாட்டு நிரூபிக்கப்படாததால் தாங்கள் மீண்டும் பணியில் சேர அனுமதிக்கப்படுகிறீர்கள்." நான் கொடுத்தால் எடுபடாது என்று விசிலை வரச் சொன்னோம். அவருடைய வண்டியில் பதினாறு வருடம் நடத்துனராக இருந்தவர். வாயில் விசில் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை, பேரே அதுவாகிவிட்டது. முட்டிவலியோடு, பழைய சீருடையை வயிற்றுக்கு மேல் இழுத்து மாட்டிக்கொண்டு வந்தார். பித்தான் இரண்டு பூட்டவில்லை.

"அண்ணே! நல்ல சேதி கொண்டாந்திருக்கேன்!" என்று கூவி, உத்தரவை நின்றபடியே வாசித்தார். தேர்தல் முடிவைக்கூட யாரும் அப்படி வாசித்திருக்க மாட்டார்கள்.

இவர் வாங்கி நிதானமாகப் படித்தார். நாங்கள் மூன்று பேரும் அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"நிரூபிக்கலைன்னு போட்டிருக்கு."

"ஆமாண்ணே. உங்க மேல தப்பில்ல."

"நிரூபிக்கலைன்னா நடக்கலைன்னு அர்த்தமாடா?"

விசில் திரும்பி என்னைப் பார்த்தார்.

"நீ பின்னாடி டிக்கெட் போட்டுக்கிட்டு இருந்திருப்பே. ஓட்டினவன் நான். எனக்கு இந்த வேலை வேண்டாம்னு எழுதிக் கொடுத்துடு." தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நிரூபிக்கப்படாததால். அந்த வாக்கியத்தை ஆயிரம் முறை அடித்திருப்பேன். "விபத்தே நடக்கவில்லை" என்று வெறுமனே அடித்திருக்கலாமே? அப்படி ஒரு வாசகம் அலுவலகத்தில் இல்லை, என் விரலிலும் வரவில்லை. வாசலில் ஷூ மாட்டும்போது விசில் தேம்பித் தேம்பி அழுதார். "யார் தப்பையும் தன் தலையில போட்டுக்குவார். அண்ணன் அன்னைக்கும் இப்படித்தான், இன்னைக்கும் இப்படித்தான்" என்றார்.

டிசம்பர் 30

"விபத்தே நடக்கவில்லை" என்று அடித்துக் கொடுத்தேன். படித்துவிட்டு, "இது ஆர்டர் மாதிரி இல்லையே" என்றார்.

ஜனவரி 1

மகள் நாளை கிளம்புகிறாள். இன்று முழுக்க அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து தலை வாரிவிட்டாள், சோறு ஊட்டிவிட்டாள். சமையலறையில் என் முதுகில் சாய்ந்துகொண்டு, "மூணு நாள் அஞ்சு மணிக்கு எந்திரிச்சு, குழந்தை எங்கேன்னு அப்பா கேக்கறதுக்குப் பதில் சொன்னதுக்கே எனக்குப் பைத்தியம் பிடிக்குதும்மா. நான்னா இன்னும் மோசமா ஏதாவது பண்ணியிருப்பேன்" என்றாள். பெற்ற பெண், விட்டுக்கொடுக்காமல் சொன்னாள். எனக்கு ஆறவில்லை.

ஜனவரி 3

இல்லம் திறந்துவிட்டது. கொண்டுபோய் விட்டேன். போகும் வழியில் சாலையைக் கடக்க நின்றபோது எதிரே பள்ளிப் பிள்ளைகள் வந்தார்கள். என் கையை நசுங்குகிற மாதிரி பிடித்துக்கொண்டார். எல்லோரும் போன பிறகும் விடவில்லை.

ஜனவரி 6

குழந்தை எங்கே என்று கேட்கவில்லை இன்று. ஒருமுறைகூட.

ஜனவரி 10

நான்கு நாளாகக் குழந்தையைப் பற்றிப் பேச்சே இல்லை. நன்றாகச் சாப்பிடுகிறார். பல்லைக் காட்டிச் சிரிக்கிறார். அந்தக் குழந்தை மட்டும் மறந்துபோகட்டும் என்ற என் வேண்டுதல் பலித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

இன்று ஜன்னலோரம் நிற்கையில் பேருந்து போயிற்று. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு சந்தேகத்தில், "டியூட்டி இல்லையா இன்னைக்கு?" என்றேன்.

"என்ன டியூட்டி?"

"வண்டிங்க. பஸ்ஸு."

"எனக்கு அதெல்லாம் ஓட்டத் தெரியாதும்மா" என்றார், மரியாதையாக.

அந்த ஒன்றைத்தானே எடுக்கச் சொன்னேன்? வேரோடு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனால் எப்படி? முப்பத்திநான்கு வருடத்தையும் நான் அடித்த பொய்யோடு சேர்த்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார். இந்த நோய் எப்படியும் அங்கேதான் கொண்டுபோய் விட்டிருக்கும் என்கிறார் டாக்டர். இருக்கலாம். ஆனால் அவர் தன் வேலையைக் கடைசியாக நினைத்துக்கொண்ட நாட்களில் அதை ஒரு குற்றமாக நினைத்துக்கொண்டார். அது டாக்டருக்குத் தெரியாது.

ஜனவரி 18

இல்லத்துத் தோட்டத்தில் உட்கார்ந்திருந்தார். கூப்பிடப் போனவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். என்னைப் பார்த்து, "ஏம்மா, உங்க முகம் ஒரு மாதிரி இருக்கு?" என்றார். யாரிடமும் கேட்காத குரல். நாற்பத்தியிரண்டு வருடம் என்னிடம் மட்டும் கேட்ட குரல்.

சொல்லிவிட்டேன். என் வீட்டுக்காரருக்கு நான் ஒரு துரோகம் பண்ணிட்டேங்க, அவர் செய்யாத தப்பைச் செஞ்சதா எழுதிக் கொடுத்துட்டேன், அவரும் நம்பிட்டார் என்றேன்.

"அடடா. ஏன் அப்படிப் பண்ணீங்க?"

"தூங்கணும்னு."

யோசித்தார். "தூக்கம் வந்துச்சா?"

"ஒரே ஒரு நாள்."

"அவர் எப்படி, கோவக்காரரா?"

"இல்லைங்க. ரொம்ப நல்லவர்."

"அப்புறம் என்னம்மா? நேரா போய்ச் சொல்லிடுங்க, ஒண்ணும் நினைக்கமாட்டார்." என் முழங்கையைத் தொட்டார். "ஆனா தள்ளிப்போடாதீங்க. வயசானவர்னா மறந்து போயிடுவார்."

சரிங்க என்றேன்.