இயலாவிட்டால் பரவாயில்லை

நவம்பர் 12, 2024

காலையில் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது. காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு பிரெஞ்சுச் செய்தி கேட்டுக்கொண்டிருந்தேன். இவர் வந்து கேஸை அணைத்தார். "ஏன், பிரான்ஸ்ல பால் பொங்காதோ?" என்று கேட்டுவிட்டு நாளிதழோடு வெளியே போய்விட்டார்.

முழுச் செய்தியில் எனக்குப் புரிந்தவை: ஒரு ரயில், ஒரு வேலைநிறுத்தம், மழை. ரயில் நின்றதா, மழையால் நின்றதா, வேலைநிறுத்தத்தால் நின்றதா, தெரியாது. மந்தாரக்குப்பம் ஸ்டாப்பில் கையை நீட்டிக்கொண்டு நிற்பவள் போல் நிற்கிறேன். பஸ் நிற்காமல் போகிறது. போர்டு மட்டும் அரைகுறையாகத் தெரிகிறது.

அறுபத்தொரு வயதில் இது தேவையா? இன்றைக்கு இந்தக் கேள்வியை நானே கேட்டுக்கொண்டேன். இவர் கேட்கும் முன்பே.

நவம்பர் 21

ரவிக்கை வாங்கப் பொற்கொடியின் தையல் கடைக்குப் போனேன். என்னிடம் பத்தாம் வகுப்பு படித்தவள். வளையமாதேவியிலிருந்து சைக்கிளில் வருவாள். எங்கள் ஊர் நிலக்கரிச் சுரங்கத்தைப் பற்றிப் புவியியல் பாடம் நடத்தும்போது ஒருநாள் எழுந்து, "கரி தீந்துட்டா இந்த ஊரு என்னா ஆவும் டீச்சர்?" என்று கேட்டாள். அவளுக்குப் பிறகும் வருடா வருடம் யாராவது ஒரு பிள்ளை கேட்டுக்கொண்டே இருந்தது. இன்னும் நிறைய வருஷத்துக்கு இருக்கிறது என்று சொல்வேன். அது பதில் இல்லை. கேட்ட பிள்ளைக்கும் அது தெரியும்.

ஓய்வு பெற்ற பிறகுதான் ஒரு பல்கலைக்கழகத்தைப் பற்றிப் படித்தேன். பிரான்சின் வடக்கே, கரி தீர்ந்து மூடிய சுரங்கங்களின் நடுவே இருக்கிறது. அப்படிப்பட்ட ஊர்கள் பிறகு என்ன ஆயின என்பதற்கே ஓராண்டு முதுநிலைப் படிப்பு. எல்லாம் பிரெஞ்சில். அப்போதுதான் புதுச்சேரியில் பிரெஞ்சு வகுப்பில் சேர்ந்தேன். இப்போது விண்ணப்பமும் போட்டாயிற்று. என்ன தைரியம்!

டிசம்பர் 3

புயல் மழை. பண்ருட்டிக்கு அப்பால் சாலையில் தண்ணீர். சனிக்கிழமை வகுப்பு இல்லையாம். வகுப்பு இல்லை என்றதும் மனசுக்குள் ஒரு சந்தோஷம் — என் மாணவர்களை இதற்காகவா திட்டினேன்!

ஜனவரி 18, 2025

இன்று நிலவன் எனக்கு மாதிரிப் பேச்சுத் தேர்வு வைத்தான். என் பிரெஞ்சு ஆசிரியன். வயது இருபத்தாறு. என்னையே டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறான். தேர்வில் ஒரு பிரச்சினையைப் பற்றி நம் கருத்தைச் சொல்ல வேண்டும். பரிசோதகர் மறுப்பார். நாம் விடக் கூடாது.

நகரத்துக்குள் கார்களைத் தடை செய்யலாமா என்பது தலைப்பு. செய்யலாம் என்றேன். வயதானவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டான். அதுவும் உண்மைதான் என்றேன். அப்படியானால் தடை வேண்டாமா என்றான். வேண்டாம் என்றேன். அவன் சிரித்துவிட்டான்.

"டீச்சர், எல்லாத்துக்கும் 'வி, வி', ஆமா ஆமான்னு தலையாட்டுறீங்க. அங்க எதிர்த்துப் பேசினாதாங்க மார்க்கு."

பரிசோதகரை எதிர்த்தா? நான் என் வாழ்நாளில் ஹெட்மாஸ்டரைக்கூட எதிர்த்ததில்லை.

பிப்ரவரி 6

இடம் கிடைத்துவிட்டது! ஒரு நிபந்தனை: மே மாத இறுதிக்குள் மொழித் தேர்வின் அடுத்த படியைத் தாண்டிய சான்றிதழ் வேண்டும்.

இவரிடம் சொன்னேன். மைன்ஸில் கன்வேயர் பெல்ட் பிரிவில் முப்பது வருஷம் ஷிப்ட் பார்த்த மனிதர். சத்தத்துக்கு நடுவே இருந்து பழகி, வீட்டில் பேச்சு குறைவு. சாப்பாட்டு நேரத்தில்தான் கேட்டார். "போய்ப் படிச்சிட்டு வந்து என்ன செய்யப் போற பாக்கியம்? மைன்ஸை மூடிருவியா?"

மூடுவதற்கு இல்லை, மூடின பிறகு என்ன என்று பார்ப்பதற்கு என்றேன். அதுக்கு நாம இருக்க மாட்டோம் என்றார். பிள்ளைகள் இருப்பார்கள் என்றேன். "யாரு பிள்ளைங்க?" என்றார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதைச் சொல்லிக் காட்டுகிறவர் இல்லை அவர். வாய் தவறி வந்துவிட்டது. மோரை எனக்கு முதலில் ஊற்றினார்.

பிப்ரவரி 23

எதிர்த்துப் பேசிப் பழக ஒரு ஆள் வேண்டுமே. இவரையே உட்கார வைத்தேன். இவர் தமிழில் மறுக்க வேண்டும், நான் பிரெஞ்சில் பதில் சொல்ல வேண்டும். தலைப்பு: நாய் வளர்க்கலாமா? கூடாது என்று இவர் சொன்ன மூன்று காரணங்களையும் தூள்தூளாக்கிவிட்டேன். ஒரு வார்த்தைகூட இவருக்குப் புரியவில்லை. "தோத்துட்டேன், விடு" என்றார்.

இவரிடம் வாய் வருகிறதே. அங்கேயும் வரும்.

மார்ச் 15

புதுச்சேரி. தேர்வு முடிந்தது. வரிசையாக எழுதுகிறேன், இல்லாவிட்டால் அழுகை வருகிறது.

கேட்டல் பகுதி பயந்த அளவுக்கு இல்லை. படித்தல், எழுதுதல் பரவாயில்லை. பேச்சுத் தேர்வில், கவிழ்த்து வைத்த தாள்களில் ஒன்றை எடுக்கச் சொன்னார்கள். ஒரு கல் குவாரியைப் பெரிதாக்குவதற்காக ஒரு கிராமத்தையே இடம் மாற்றுவது பற்றிய செய்தி. படித்ததும் பூரித்துப் போனேன். இந்தப் புதுச்சேரியில் இதைப் பற்றி என்னைவிடத் தெரிந்தவர் யார் இருக்க முடியும்?

இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். பேசியவருக்கு என் வயது இருக்கும். கிராமத்தாரின் நியாயத்தையும் குவாரியின் நியாயத்தையும் கரும்பலகையில் கோடு போட்டுப் பிரித்தது போல அழகாகச் சொன்னேன். அந்த அம்மாள் கேட்டார்: நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது மதாம்.

அது அவர்கள் நினைப்பது. நீங்கள்?

கிராமத்து மக்கள் பாவம் என்றேன். ஆனால் குவாரியால் எத்தனையோ பேருக்கு வேலை கிடைக்குமே என்றார். ஆமாம் மதாம். அப்படியானால் கிராமத்தை நகர்த்துவது சரி? நீங்கள் சொல்வது சரி மதாம். இல்லை, தவறு என்றும் வாதிடலாமே? அதுவும் சரிதான் மதாம்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். அந்த வைப்பு எனக்குத் தெரியும். பதில் தெரியாத பிள்ளையை மேலும் வதைக்க வேண்டாம் என்று நானும் அப்படித்தான் வைப்பேன்.

மார்ச் 16

பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். என் வகுப்பில் ஒரே பெஞ்சில் இரண்டு பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவனுடைய அப்பா மைன்ஸில் பெர்மனன்ட். இன்னொருவனுடைய அப்பாவின் வயல்தான் அந்த மைன்ஸ். நடுவில் நின்றுகொண்டு பாடம் எடுத்தவள் எந்தப் பக்கம் பேசுவாள்? கூலி வேலைக்குப் போகிறவர்கள் குனிந்தே பழகுவது போல, நடுவிலேயே நின்று நாக்கு பழகிவிட்டது.

அந்த அம்மாளுக்கு இது எப்படித் தெரியும்? எனக்கே நேற்றுத்தான் தெரிந்தது.

ஏப்ரல் 17

தோல்வி. மொத்தத்தில் மூன்று மதிப்பெண் குறைவு. கேட்டலில் தேறிவிட்டேன். பேச்சில் இருபத்தைந்துக்கு ஆறு. வாழ்நாள் முழுக்கப் பேசியே சம்பளம் வாங்கினவளுக்கு ஆறு.

ஏப்ரல் 19

நிலவன் தைரியம் சொன்னான். மே மாதம் மறு தேர்வு இருக்கிறதாம். முடிவு ஜூன் நடுவில் வரும். பல்கலைக்கழகத்திடம் இரண்டு வாரம் அவகாசம் கேட்டால் கொடுப்பார்கள், பலருக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்றான். கடிதத்தை அவனே எழுதித் தருவதாகச் சொன்னான். வேண்டாம், நானே எழுதுவேன் என்றேன். எழுதி அனுப்பியும்விட்டேன்.

மே மாதம் தேர்வு எழுதுகிறேன், முடிவு வரச் சற்றுத் தாமதமாகும், பொறுத்துக்கொள்ள இயலுமா என்று கேட்டேன். இயலாவிட்டால் பரவாயில்லை, தகுதியுள்ள இளம் மாணவர் யாராவது காத்திருந்தால் இந்த இடத்தை அவருக்கே கொடுத்துவிடுங்கள், எனக்கு மகிழ்ச்சியே என்று முடித்தேன்.

இரண்டு முறை படித்துப் பார்த்தேன். பணிவாக, நன்றாக இருந்தது.

ஏப்ரல் 29

பதில் வந்தது. நான்கே வரி. என் பெருந்தன்மைக்கு நன்றியாம். நான் கேட்டுக்கொண்டபடி, காத்திருந்த ஒரு மாணவருக்கு என் இடத்தைக் கொடுத்துவிட்டார்களாம். வாழ்த்துகளாம்.

ஐயோ, நான் கொடுக்கச் சொல்லலையே. சொன்னேன் — ஆனா சொல்லலையே. அப்படி எழுதினா, "பரவாயில்லம்மா, உங்களுக்கே வெச்சிருக்கோம்"னுதானே சொல்லணும்? வந்த வீட்டில் "கிளம்பறேன்" என்று எழுந்து நிற்பது, "அட, உட்காருங்க" என்று அவர்கள் சொல்வதற்காகத்தானே? நான் எழுந்து நின்றேன். அவர்கள் கதவைத் திறந்துவிட்டார்கள்.

அவர்கள்மீது தப்பு இல்லை. எழுதினதைப் படித்தார்கள். எழுதினதைச் செய்தார்கள்.

இவர் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். தமிழில் சொன்னேன். "நீதான குடுத்த?" என்றார். கேலி இல்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

ஏப்ரல் 30

நிலவன் பதறிப்போய் அழுத்தமாக ஒரு கடிதம் எழுதித் தந்தான். அனுப்பினேன். அந்த மாணவர் சேர்ந்துவிட்டார், அடுத்த ஆண்டு புதிதாக விண்ணப்பிக்கலாம் என்று பதில்.

மே 4

பொற்கொடியிடம் போய்ச் சொன்னேன். வேறு யாரிடம் சொல்ல? மெஷினை நிறுத்திவிட்டு முழுதும் கேட்டாள்.

"எங்க அப்பாவும் இப்படித்தான் டீச்சர். நெலத்த எடுக்க வந்தப்ப, 'உனக்கு என்னாய்யா வேணும், வாயத் தொறந்து சொல்லு'ன்னு ஆபீசரு கேட்டாரு. எங்க அப்பா துண்ட கையில புடிச்சிகினு, 'நீங்களா பாத்து எது செஞ்சாலும் சரிங்க'ன்னாரு. அவங்களும் பாத்துதான் செஞ்சாங்க."

அப்பாவிடம் அதைப் பற்றிப் பேசியிருக்கிறாயா என்று கேட்டேன்.

"தெனம் திட்டுவேன். சோறு போட்டுகினே திட்டுவேன். அதுக்கும் 'நீ சொல்றதும் சரிதாம்மா'ங்கறாரு."

இரண்டு பேரும் சிரித்தோம். வீட்டுக்கு வரும் வழியில் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

மே 24

மறு தேர்வுக்குப் போகவில்லை. கத்தரி வெயில்.

செப்டம்பர் 8

அங்கே, பிரான்சில், இன்று முதல் வகுப்பு.

செப்டம்பர் 26

நவம்பர்த் தேர்வுக்குப் பெயர் கொடுக்க இன்று மாலை கடைசி. நிலவன் காலையிலேயே நினைவூட்டினான். அடுத்த வருஷம் மறுபடி விண்ணப்பம், மறுபடி தேர்வு, மறுபடி அந்தக் கேள்வி. போனை மேசையில் வைத்துவிட்டுத் துணி மடித்தேன். ஐந்து மணி ஆயிற்று, ஆறு ஆயிற்று. நிலவனும் பிறகு கூப்பிடவில்லை.

இருட்டியதும் இவர் சமையலறைக்குள் போனார். தண்ணீர் குடிக்க என்று நினைத்தேன். தோசைக்கல் வைக்கும் சத்தம் கேட்டது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இவர் அடுப்பு பற்றவைத்து நான் பார்த்ததில்லை. எட்டிப் பார்த்தால், வெங்காயத்தைக் கல்லில் தேய்த்து, மாவை நடுவிலிருந்து சுற்றிச் சுற்றி விடுகிறார். வட்டம் பிசகவில்லை. தக்காளிச் சட்டினி அரைத்து மூடியிருக்கிறது.

எப்போது கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டேன்.

"நீ வகுப்புக்குப் போற சனிக்கிழமையில. நீ போய்ட்டா வருஷம் பூரா ஓட்டல்லயா திங்க முடியும்?"

திரும்பாமல்தான் சொன்னார். தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டு தோசை சாப்பிட்டேன். மூன்றாவதைத் தோசைத் திருப்பியில் ஏந்திக்கொண்டு வந்து நின்றார்.

போதும் என்றேன்.

என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தட்டில் போட்டுவிட்டுப் போனார்.