வாடியதும் சிவந்ததும்

ஜூன் 10, 2025

உறுதியானது ஒன்றுதான்: அக்கரப்பத்தனைப் பக்கத் தோட்டமொன்றின் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் பழனியாண்டி வேலையிலிருந்து இடைநிறுத்தப்பட்டிருக்கிறார். ஆதாரம், முகாமையாளர் நிரஞ்சனின் கடிதம். அளவுக்கு மீறி வாட்டியதால் ஒரு நாள் கொழுந்து முழுவதும் சிவந்து கெட்டதாம். அப்படியே எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பினேன்.

ஜூன் 12

செய்தி வந்துவிட்டது. தலைப்பு: ‘தொழிலாளியின் கவனயீனம்’.

ஜூன் 14

பழனியாண்டி குடியிருக்கும் லயத்துக்குப் போனேன். நான்கு நாள் பிந்தி. கொழுந்து கெட்ட அன்று லொறி பழுதாகி, கொழுந்துச் சாக்குகள் ஏழு மணிநேரம் மலையிலேயே கிடந்திருக்கின்றன. வந்ததும் சாக்குக்குள் கைவிட்டுப் பார்த்திருக்கிறார்.

“சோத்துப்பானை மாதிரி சுட்டுச்சுங்க. உள்ள அப்பவே செவந்திருச்சு. தொரைகிட்ட சொன்னேன். தட்டுல கொட்டு, காத்து பட்டா சரியாயிரும்னாரு.”

தொரை என்றது நிரஞ்சனைத்தான். சரியாகிவிடுமாம். வாடும்போது தண்ணீர் மட்டும் போகிறது. இலை இலையாகவே இருக்கிறது. நசுங்கிப் புழுங்கிச் சிவந்தால் உள்ளிருப்பதே வேறு பொருளாகிவிடுகிறது. பள்ளிக்கூடப் பாடம் இது. முகாமையாளரின் பங்களாவுக்கு இன்னும் ஏறவில்லை.

வேலை போவதைவிடக் கொழுந்து தெரியாதவன் என்ற பெயர்தான் அவரைத் தின்கிறது. அவர் மனைவி மீனம்மா தேத்தண்ணி தந்தார். “பேப்பர்ல போடுறதுக்கு முன்ன ஒரு எட்டு வந்து கேட்டிருக்கலாம்ல?”

முப்பத்தொரு வருட அனுபவமாம் எனக்கு. தூ.

ஜூன் 19

விசாரணை. வாசலில் நின்றேன், யாரும் விரட்டவில்லை. விசாரிக்க வந்தவர் கொழும்புத் தலைமையகத்துத் துரைராசா. இரசாயனவியல் பட்டதாரி என்று நிரஞ்சன் இரண்டு தடவை அறிமுகப்படுத்தினார்.

பழனியாண்டி ஒரு பேசின் தண்ணீர் கேட்டார். தட்டில் வாட்டிய கொழுந்தில் ஒரு பிடி, வேண்டுமென்றே காலையிலிருந்து சாக்கில் அமுக்கி வைத்த கொழுந்தில் ஒரு பிடி. இரண்டையும் போட்டார். சாப்பாட்டு இடைவேளை முடிந்து வந்தபோது வாடியது பச்சையாக நிமிர்ந்திருந்தது. மற்றது சிவப்பாகத் துவண்டு கிடந்தது.

“நான் வாட்டுனது திரும்புதுங்க. சாக்கு செஞ்சது திரும்பாதுங்க.”

துரைராசா கண்ணாடியைக் கழற்றிப் பேசினைப் பார்த்தார். நிரஞ்சன் ஜன்னலைப் பார்த்தார். பட்டதாரி பிறகு குறிப்பெழுதினார்: “இரு மாதிரிகளும் நனைந்திருந்தன.”

அவ்வளவுதான். நனைந்திருந்தன! இதைக் கண்டுபிடிக்கவா ஆறு மணிநேரம் வாகனத்தில் வந்தான் இந்த ஆள்? நான் மட்டும் என்ன கிழித்தேன் — அவன் பேசினையாவது பார்த்தான். நான் கடிதத்தைத் தவிர எதைப் பார்த்தேன்?

ஜூன் 21

திருத்தம் போடச் சொன்னேன். விசாரணை முடியட்டுமே என்கிறார் பத்திரிகை ஆசிரியர். பழி போடும்போது இந்தப் பொறுமை எங்கே இருந்தது?

ஜூன் 24

மழை. செய்தி இல்லை.

ஜூன் 27

தோட்டத்துக்கு இரண்டாவது லொறி வந்திருக்கிறது. ஏனென்று யாரும் சொல்லவில்லை.

பழனியாண்டிக்குக் கடிதம்: “மனிதாபிமான அடிப்படையில்” மீண்டும் சேர்க்கப்படுகிறார். வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்திருக்கிறார். தவறு செய்யவில்லை என்று எழுதித் தந்தால்தான் வேலைக்கு இறங்குவாராம்.

“அந்த மனிதாபிமானத்தை அவுங்களே வச்சிக்கட்டும்” என்றார் மீனம்மா.

தவறில்லை என்று திருத்திய கடிதம் திங்கட்கிழமை தயாராகும் என்கிறார் தோட்ட அலுவலக எழுதுவினைஞர் கிருஷாந்தி. என் திருத்தம் ஞாயிறு பதிப்பில், ஆறாம் பக்கத்தில் வரும். வரும் என்று ஆசிரியர் கைப்பட எழுதித் தந்திருக்கிறார். பழனியாண்டி இன்றும் வேலைக்குப் போகவில்லை.