கருடசேவையன்று வாய்மொழித் தேர்வு

வைகாசி, திங்கள்
காலையிலேயே வெயில். அறையைக் காலி செய்யும் வேலை. பழைய பொருளியல் வினாத்தாள்கள் ஒரு மூட்டை. தேவையும் அளிப்பும் அவற்றில் மட்டும் தவறாமல் சமநிலை அடைந்திருக்கின்றன.

வெள்ளியோடு எனக்குப் பணி ஓய்வு. அதற்குள் என் ஆய்வு மாணவி ரேவதியின் வாய்மொழித் தேர்வு முடிய வேண்டும். இல்லையேல் விதிப்படி அவள் துறைத்தலைவரின் மாணவி ஆகிவிடுவாள். து.த.வுக்கு அவளுடைய நான்காம் இயல் ஆகாது. தென்னேரிப் பக்கத்துப் பெண்கள் கம்பெனி வேலையை ஏன் விடுகிறார்கள் என்று அவர்களையே கேட்டு எழுதியது. சமன்பாடு இல்லாத பக்கம் து.த.வுக்கு முன்னுரை. திரும்ப எழுதச் சொல்வார்.

புறத்தேர்வாளர் கொடுத்த நாள், புதன். நிம்மதி.

செவ்வாய்
புழுக்கம். டீக்கடையில்தான் தெரிந்தது, நாளை கருடசேவை. ஊரே தெருவில் நிற்கும். பு.தே.வை அழைத்து, வியாழன் வரமுடியுமா என்றேன். "அதுக்குத்தானே சார் புதன் குடுத்தேன்" என்றார். வியாழன் அவர் ஊரில் இல்லை.

வாங்க: சால்வை, முந்திரி பிஸ்கட். சாப்பாட்டில் வெங்காயம் கூடாது (பு.தே.). ரேவதிக்குத் தைரியம் சொல்ல வேண்டும்.

வராந்தாவில் மாணவிகள் பேச்சு காதில் விழுந்தது. நான் 'பரவாயில்லை' என்றால் அது தங்கப் பதக்கமாம்.
"உனக்குச் சொன்னாராடி?"
"எங்க? நாலு வருசமா கமாவத்தான் திருத்திக்கினு இருக்காரு." ரேவதியின் குரல்.

தைரியம் சொல்லவில்லை.

புதன்
மேகம். பு.தே. தரிசனம் முடித்து, ரங்கசாமி குளத்தருகே கூட்டத்தில் சிக்கினார். கார் நகரவில்லை. து.த. கடிகாரத்தைப் பார்த்து, அடுத்த மாதம் வைத்துக்கொள்ளலாமே என்றார், மிகுந்த கனிவோடு.

ரேவதி முந்தானையைச் செருகினாள். "ஸ்கூட்டில போயி இட்டாந்துடறேன் சார். சந்தெல்லாம் தெரியும்."

தேர்வாளரைத் தேர்வர் பின்னால் ஏற்றி வரக்கூடாது என்று விதியில் இல்லை. எழுதியவர்களுக்குத் தோன்றியிருக்காது.

மதியத்துக்கு மேல் வந்தார்கள். பு.தே. நெற்றியில் திருமண், கையில் துளசி, தலை கலைந்து. கேள்விகளையெல்லாம் வண்டியிலேயே கேட்டு முடித்திருந்தார். சபைக்காக மறுபடி கேட்டார். பிறகு து.த., நான்காம் இயலில் சமன்பாடு எங்கே என்றார்.

"கல்யாணத்துக்காக வுட்டேன்னு ஒருத்தரும் சொல்லல சார். நைட் ஷிப்ட் முடிஞ்சா கம்பெனி வண்டி மெயின் ரோட்டுல எறக்கி வுட்டுடுது. அங்கிருந்து ஊருக்கு இருட்டுல நடக்கணும். அதுக்கு எந்தச் சமன்பாடுன்னு சொல்லுங்க, போட்டுடறேன்."

து.த. பிஸ்கட் எடுத்துக்கொண்டார். பட்டத்துக்குப் பரிந்துரை.

வெளியே வந்து, "ரொம்ப லேட்டாயிடுச்சு, சாரி சார்" என்றாள். பரவாயில்லை என்றேன். கண் கலங்கிவிட்டாள். போனில் யாரிடமோ: "சொல்லிட்டாருடி."

விளக்க நினைத்தேன். சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது.

வெள்ளி
இரவு பெய்த மழையில் வளாகம் சுத்தம். பிரிவுபசாரம். எனக்கும் சால்வை, புதனன்று பு.தே.வுக்குப் போர்த்தியதன் ஜோடி. து.த.வின் உரையில் நான் நல்லவன், விவரம் தரப்படவில்லை.

மாலை ரேவதி வந்தாள். "அன்னிக்கு லேட்டுக்குத்தானே சார் சொன்னீங்க?"

ஆமாம் என்றேன்.

"அப்பறமா தோணுச்சு" என்று சிரித்தபடி கிளம்பினாள். பாதிப் படி இறங்கியவளைக் கூப்பிட்டேன்.

"நாலாவது இயல்ல திருத்த ஒரு கமாகூட இல்லம்மா."

நான் அறையைப் பூட்டப் போனேன். சாவியைக் காலையிலேயே து.த.விடம் கொடுத்திருந்தேன்.