நூலால் கட்டிய மெட்டுகள்

மழை தொடங்கிவிட்டது. அலுமாரிக்குள் பூஞ்சணம் பிடித்துவிடும் என்று உம்முடைய தம்புராஸ் வாத்தியத்தை இன்று காலை பெட்டியோடு வெளியே எடுத்துத் திறந்து வைத்தேன். எண்ணெயும் பழைய புத்தகமும் கலந்தது போன்ற அந்த மர வாசனை ஹோல் முழுக்கப் பரவிவிட்டது. வெள்ளவத்தைக் கடற்காற்றில் தந்திகளில் துரு ஏறியிருக்கிறது. துடைக்க மனம் வரவில்லை. பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்துகொண்டு உமக்கு இதை எழுதுகிறேன்.

குளியலறையில் நீர் வழுக்கி விழுந்த நாளோடு எங்கள் வாழ்க்கை இந்த நாலாம் மாடிக்குள் அடங்கிப்போனது. பொரளை ஆஸ்பத்திரியில் இடுப்பெலும்புச் சத்திரசிகிச்சை முடிந்து, நாலு பேர் உம்மைக் கதிரையோடு தூக்கி மேலே கொண்டுவந்தார்கள். லிஃப்ட் இல்லாத பழைய தொடர்மாடி. அதன் பிறகு நீர் கீழே இறங்கியது கிளினிக்குக்கு மட்டும்தான். பல்கனியில் இருந்து பார்த்தால் இரண்டு கட்டடங்களுக்கு இடையில் கொஞ்சம் கடல் தெரியும். அந்த இடைவெளியிலும் புதுக் கட்டடம் ஒன்று எழும்பியது. தட்டுத் தட்டாக அது உயர்வதைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தீர். கடல் முழுதாக மறைந்த அன்று, “இனிப் பார்க்க ஒண்டும் இல்லை” என்று சொல்லிக் கதிரையை உள்பக்கம் திருப்பிப் போடச் சொன்னீர்.

அதையும் தாங்கியிருப்பீர். நாள் தவறாமல் வாசித்த வீணைதான் உம்மை உடைத்தது. சப்பாணி கட்டி இருக்கவே கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். கதிரையில் இருந்து மடியில் வைத்துப் பார்த்தோம். வீணையின் குடம் வழுக்கியது, நான் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. விரல் மூட்டுகளும் வீங்கிப்போய், தந்தியை இழுக்கப் பலம் இல்லை. இழுக்காமல் தோடி ராகம் எங்கே? வீணைக்கு உறை போடச் சொன்னீர். பிறகு கிழமைக்கணக்கில் வீட்டில் உம்முடைய குரலே கேட்கவில்லை. பால் வாங்க இறங்கினாலும், உம்மைத் தனியே விட்ட பயத்தில் படிகளை ஓட்டமாகத்தான் ஏறிவருவேன்.

ஒரு பின்னேரம் போனில் எதையோ பார்த்துவிட்டுக் கூப்பிட்டீர். “இஞ்சாருங்கோ, இவவைப் பாருங்கோ. கதிரையில இருந்து வாசிக்கிறா.”

கிரேக்க நாட்டுப் பெண் ஒருத்தி. மடியில் நீண்ட கழுத்துள்ள சின்ன வாத்தியம். சுரத்துக்கு விரல் வைக்கும் அதன் மெட்டுகள் நூலால் கழுத்தைச் சுற்றிக் கட்டப்பட்டவை, தளர்த்தி நகர்த்தலாம்.

“இழுக்கத் தேவையில்லை. சுரம் எங்க வேணுமோ அங்க மெட்டைக் கட்டினாச் சரி. பேர் தம்புராஸாம். எங்கட தம்புராவுக்கு ஒண்டுவிட்ட தங்கச்சி போல” என்று சொல்லிச் சிரித்தீர். அந்தச் சிரிப்புக்காகவே, ஒன்று செய்விக்க நான் ஓம் என்றேன்.

அதைச் செய்து தர ஒப்புக்கொண்டவர் அந்த நாட்டில் ஏதோ ஒரு கடலோரப் பட்டணத்தில் இருந்தார். ஆங்கிலம் அவருக்கும் கொஞ்சம், உமக்கும் கொஞ்சம். போனுக்கு முன்னால் இருந்து நீர் காந்தார சுரத்தைப் பாடுவீர். அவர் அங்கே நூலை மயிரிழை நகர்த்தித் தட்டிக் காட்டுவார். “இன்னும் கொஞ்சம் கீழ” என்று மறந்துபோய்த் தமிழில் சொல்வீர். அவருக்கு விளங்கிவிடும். வீணையில் இருப்பதைவிட நெருக்கமாக, மெட்டுக்கு நடுவில் மெட்டாகக் கட்டிக்கொண்டே போனார். தங்கள் கோயில் பாட்டிலும் இப்படிச் சின்னச் சின்ன இடைவெளிகள் உண்டு என்று அவர் சொன்னபோது என் பக்கம் திரும்பினீர். “தெரியுமோ, அந்தாளுக்கும் இது கேக்குது.”

வாத்தியம் வந்து சேர்ந்த அன்று நீர் மத்தியானம் சாப்பிடவும் இல்லை. மடியில் அது வழுக்கவில்லை, பாரமாகவும் இல்லை. தோடியைத் தொடங்கினீர். சுரங்கள் எல்லாம் சரியான இடத்தில் நின்றன. நின்றதுதான் பிழை. ஒன்றில் இருந்து மற்றதற்கு அசைந்து போகும் குழைவு வரவேயில்லை. பொழுதுபடும்வரை முயன்றீர். பிறகு அதைக் கட்டிலில் வைத்துவிட்டு, “இதுக்குள்ளயும் மாட்டுப்பட்டிட்டன்” என்றீர். தேத்தண்ணி போட்டுத் தந்தேன். அது ஆறிப்போனது.

சில நாள் கழித்து அவரைப் போனில் அழைத்தீர். குறை சொல்லப் போகிறீர் என்று நினைத்தேன். நீரோ, உங்கள் ஊரில் இதில் என்ன வாசிப்பார்கள் என்று கேட்டீர். அவர் ஒரு பாட்டு வாசித்தார். அது என்ன பாட்டென்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. மறுநாள் வாத்தியத்தை என்னைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, உமக்கென்று கட்டிய நூல்களை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, அவருடைய ஊர்ப்படி நகர்த்தத் தொடங்கினீர்.

“என்ன செய்யிறீர்? பாடிப் பாடி வைச்ச இடமெல்லே?” என்று பதறினேன்.

“இதை வீணையாக்கப் பார்த்ததுதான் பிழை. வீணை எனக்குத் தெரியும். இது தெரியாது. பேசாமப் பிடியுங்கோ.”

எத்தனையோ பிள்ளைகளை வீணையில் அரங்கேற்றிய நீர், அந்தக் கதிரையில் இருந்து ஒரே அடியைத் திரும்பத் திரும்ப வாசித்தீர். விரல் பிழைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்வீர். பாட்டின் முதற் பாதி தடையில்லாமல் வந்தது. மறுபாதியைத் தொடங்குமுன் நெஞ்சுவலி வந்தது. மறுபடியும் நாலு பேர் கதிரையோடு தூக்கி இறக்கினார்கள். நீர் ஏறிவரவில்லை.

எங்கள் மகள் டொரன்டோவுக்கு வரச் சொல்கிறாள். “தனிய இருந்து என்ன செய்யப்போறீங்கள், அப்பா?” இங்கேயும் ஓர் அறை, அங்கேயும் ஓர் அறை என்று அவளிடம் சொல்ல வாய் வருவதில்லை. படி இறங்க எனக்குத் தடை ஏதும் இல்லை. ஆனாலும் சாமான் வாங்கியதும் ஓட்டமாகத்தான் ஏறிவருகிறேன். கதவைத் திறந்த பிறகுதான், இனி ஒரு அவசரமும் இல்லை என்பது நினைவுக்கு வரும்.

போன கிழமை தலைச்சுற்றுக்கு ஸ்கான் எடுக்கப் போயிருந்தேன். குழாய் போன்ற மெஷினுக்குள் என்னைத் தள்ளி, அசையாமல் இருக்கச் சொல்லிவிட்டுத் தாதி வெளியே போய்விட்டார். மூக்குக்கு நேர் மேலே கூரை. இடிப்பது போன்ற சத்தம். பயந்தால் அமத்தச் சொல்லிக் கையில் ஒரு பொத்தான் தந்திருந்தார்கள், அமத்தப் போனேன். அப்போதுதான் அந்தப் பாட்டு வந்தது, நீர் வாசித்தபடியே, விரல் பிழைக்கும் இடத்தில் பிழைத்து. முதற் பாதி முடிந்ததும் அதற்கு மேலே போக வழி தெரியவில்லை. உமக்கும் தெரியாததுதானே. தொடக்கத்துக்கே திரும்பி வந்தேன். மெஷின் நிற்கும்வரை அப்படிப் போவதும் வருவதுமாகக் கிடந்தேன்.

வெளியே இழுத்ததும் தாதி குனிந்து கேட்டார்: “பயந்திட்டீங்களோ, ஐயா?”

“இல்லைப் பிள்ளை,” என்றேன். “என்ர மனிசி வாசிச்சுக்கொண்டிருந்தவ.”