கூழ்ப்பானையை உடைக்க மாட்டேன்

சேக்காடு
ஆனி மாதம், செவ்வாய்க்கிழமை

செங்கு கண்ணு,

ரங்கூனில் இருக்கும் என் மகன் செங்கல்வராயனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் பெண்சாதி வடிவும் எழுந்து நடமாடிக்கொண்டு இருக்கிறோம், உன் நைனா போன வீட்டிலிருந்து நல்ல சுகம் என்று எழுதக் கை வரவில்லை. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு உடம்பில் நோவு நொடி இல்லாமல் இருக்க எல்லம்மா துணை நிற்கட்டும். உன் கடுதாசி வெள்ளிக்கிழமை வந்தது. பெரியப்பா சொல்கிறபடி கூழ்ப்பானையை உடைத்துப் போட்டுவிட்டு வடிவை அம்பத்தூருக்கு அவள் அப்பனோடு அனுப்பிவிடு என்று எழுதியிருக்கிறாய். எழுத்துக் கூட்டிப் படித்தேன், என் மகனா இப்படி எழுதினான் என்று இன்னொரு தரமும் படித்தேன். முடியாது கண்ணு. இரண்டும் முடியாது. பாதிரி பள்ளிக்கூடத்தில் இரண்டாம் கிளாசோடு நின்ற கை இது, எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும், ஆனால் வேறு யாரையாவது எழுதச் சொன்னால் என் வார்த்தையை மழுப்பிவிடுவார்கள், அதனால் நானே எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

உனக்குப் பெரியப்பா அவர் பக்கத்தை எழுதிவிட்டார், என் பக்கத்தையும் கேள். தை மாதம் வடிவுக்கு வந்த விஷக்காய்ச்சல் உனக்குத் தெரியும். காய்ச்சலை இறக்கியது ஆஸ்பத்திரி டாக்டர் மருந்துதான், அதை நான் எங்கேயும் மறைக்க மாட்டேன், தண்ணீரைக் காய்ச்சிக் குடி என்று அவர் சொன்னதை இன்றைக்கும் விடவில்லை. ஆனால் காய்ச்சல் போனபிறகு அவள் வயிறு அவள் வயிறாக இல்லை. சோறு தின்றால் ஓடும், பால் குடித்தால் பொருமும், ஆரோட்டுக் கஞ்சியும் நிற்காது. தின்னவே பயந்துபோய், பசி என்று ஒன்று இருப்பதையே மறந்துவிட்டாள், கை வளையல் முழங்கைக்கு ஏறிப் போனது. அவள் கொல்லைப்புறம் ஓடும்போதெல்லாம் நானும் சொம்பைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடுவேன். கடைசியில் நம் கூழ்ப்பானையில் மேலே தெளிந்து நிற்கிற புளித்த தண்ணீரை மொண்டு, கொஞ்சம் மோர் விட்டு உப்புப் போட்டு, குழந்தைக்குப் புகட்டுகிற பாலாடையில் ஊற்றிப் புகட்டினேன். அது தங்கியது. அடுத்த நாளும் தங்கியது. அப்புறம் கூழையே நீர்க்கக் கரைத்துக் கொடுத்தேன், மெதுவாக அவள் கண்ணில் ஆள் தெரிந்தாள். அந்தப் பானையை நான் சாம்பல் போட்டுத் தேய்க்கிறது இல்லை என்று உனக்குத் தெரியும், அடியில் ஒரு கரண்டி பழைய புளிப்பை விட்டுத்தான் மறுபடி கேழ்வரகு மாவைக் கரைப்பேன், நீ வளர்ந்ததும் அதில்தான்.

அதற்குள் சித்திரையில் உன் நைனாவுக்குச் சீதபேதி கண்டது, ரத்தமாகப் போனது. புளித்தது எதுவும் வாயில் படக்கூடாது, பார்லித் தண்ணீர் மட்டும் என்றார் டாக்டர். நான் ஒரு சொட்டு மாற்றிக் கொடுக்கவில்லை. உன் நைனாதான் கேட்டார். கன்னியம்மா, நாக்கு செத்துப் பூட்ச்சி, ஒரு வாய் கூழு கரைச்சிக் குட்றீ என்றார். இல்லை என்றேன். மொறைக்காதடி, சும்மா கேட்டேன் என்று சிரித்தார். மறுநாள் பொழுது சாய்வதற்குள் போய்விட்டார். டாக்டர் சொன்னது சரியாகவே இருக்கலாம், புண்ணான வயிற்றுக்கு அது ஆகாமலும் இருந்திருக்கலாம், அவரோடு எனக்குச் சண்டை இல்லை. என் சண்டை ஊரோடு. கூழ் கேட்டு, கிடைக்காமல் செத்தவரைக் கூழ் குடித்துச் செத்தார் என்று பேசுகிறார்கள். புளிச்ச கூழை ஊத்தியே கோதண்டத்தைக் கொன்னுட்டா என்று குளத்தங்கரையில் என் காதுபடவே சொன்னார்கள். தலையைக் குனிந்துகொண்டு வருவேன் என்று பார்த்தார்கள். குடத்தை இறக்கி வைத்துவிட்டு, அன்னிக்கு அவரு பக்கத்துல நீயா குந்தினு இருந்தே என்று கேட்டேன். அப்புறம் குடத்தை மொண்டு இடுப்பில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தே நடந்து வந்தேன்.

கருமாதி அன்று நடந்ததையும் எழுதுகிறேன். சாவு விழுந்த வீட்டு மண்பானையை எல்லாம் வெளியே போட்டு உடைக்கிறது நம் வழக்கம், எனக்கும் தெரியும். சோற்றுப்பானை, குழம்புச்சட்டி, தண்ணீர்க்குடம் எல்லாவற்றையும் நானே தூக்கிக் கொடுத்தேன். கூழ்ப்பானைக்கு வரும்போது மட்டும் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். பெரியப்பா வந்து, இன்னாம்மா கன்னியம்மா இது, தீட்டுப் பானையை மடியில வச்சிகினு குந்திகினு கீறே, எடுத்தாந்து போடும்மா என்றார். பானைதான் தீட்டு என்றால் பானையை எடுத்துக்கொள்ளுங்கள் மாமா, உள்ளே இருக்கிற புளிப்பை மட்டும் புதுப்பானையில் மாற்றிக்கொள்கிறேன், வடிவு வயிறு இப்போதுதான் இதில் நின்றிருக்கிறது என்று மரியாதையாகத்தான் சொன்னேன். பழசு ஒரு சொட்டு விழுந்தாலும் புதுப்பானையும் தீட்டுதான் என்றுவிட்டார். அப்படியானால் பானையும் தர மாட்டேன் என்றேன். கூட்டத்தில் ஒருத்தி, இன்னாக்கா, பானைக்குக் கழுத்தை நீட்டிட்டியா என்றாள். நீட்டின கழுத்து வெறுங்கழுத்தாப் பூட்ச்சிடி, இதுவாவது ஊட்ல இருக்கட்டும் என்றேன். அழுது கொண்டுதான் சொன்னேன், ஆனால் பானையை விடவில்லை. உனக்குப் பதிலாகக் கொள்ளி போட்டவர் பெரியப்பா, அந்த நன்றி எனக்கு உண்டு, அதற்காக வடிவு வயிற்றை அவரிடம் ஒப்படைக்க முடியாது.

புதுப்பானையில் நான் செய்து பார்க்கவில்லை என்று நினைக்காதே. அவர்கள் மனசும் நோகவேண்டாம் என்று, பெரியப்பா வாங்கி வைத்த புதுப்பானையில் பழைய புளிப்பு சேர்க்காமல் மாவு கரைத்து வைத்தேன். மண் வாசனைதான் வந்தது, மாவு புளிக்காமல் ஒரு மாதிரி நாறியது. அந்தக் கூழைக் குடித்த அன்று வடிவுக்கு மறுபடி வயிறு போக ஆரம்பித்துவிட்டது, சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அன்றைக்கே பழைய பானைக்குத் திரும்பினேன். எதனால் என்று எனக்குச் சொல்லத் தெரியாது, அவள் வயிறு எதை ஏற்கிறது எதைத் தள்ளுகிறது என்று பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான், அவ்வளவுதான். இப்போது நம் வீட்டில் யாரும் கை நனைப்பது இல்லை. வருஷம் திரும்பினாலும் ஆடியில் அம்மன் கோயில் கொப்பரையில் நம் வீட்டுக் கூழ் சேராது என்று பெரியப்பா சொல்லிவிட்டார். சேராவிட்டால் போகட்டும். அவளும் பெண்தானே, வீட்டுப் பெண்ணுக்குக் கூழ் ஊற்றுகிறவள் மேல் அவளுக்கு என்ன கோபம் வரப்போகிறது.

போன வாரம் வடிவு அப்பா துலுக்கானம் வந்தார். வாசலில் நின்றபடியே, எம் பொண்ணை இந்தத் தீட்டு ஊட்ல வுட மாட்டேன், வியாயக்கிழமை வண்டி கட்டிகினு வந்து இட்டுகினு போறேன் சம்பந்தி என்றார். அவர் மேல் தப்பு இல்லை, மகள் எலும்பாக இருந்ததைப் பார்த்த மனுஷன். ஆனால் அங்கே போனால் அவர்கள் பிஸ்கோத்தும் டின் பாலும் கொடுப்பார்கள், அது நின்றதா இல்லையா என்று யார் பார்ப்பது. நான் பதில் சொல்வதற்குள் வடிவே கதவோரம் வந்து, நைனா, எனக்குத் தெம்பு வந்தப்புறம் நானே நடந்து வரேன், வண்டி எல்லாம் வாணாம் என்றாள். அவள் குரல் அவ்வளவு தூரம் கேட்டதே எனக்கு ஆச்சரியம். ஆனாலும் அவர் வியாழக்கிழமை வருவார், எனக்கு எழுதின மாதிரி அவருக்கும் நீ எழுதியிருப்பாய், அந்தக் கடுதாசியைக் கையில் வைத்துக்கொண்டு வருவார். அவள் வாசலைத் தாண்டினால் திரும்ப முழுசாக வருவாளோ மாட்டாளோ, அதுதான் எனக்குப் பயம். நான் நிலைப்படியில் உட்கார்ந்திருப்பேன். வியாழனுக்குள் வந்து சேராது என்று எனக்கும் தெரியும், ஆனாலும் அடுத்த தரம் அவர் வராமல் இருக்க, அவளை இருக்கட்டும் என்று நீ மாமனாருக்கு ஒரு வரி எழுது. எழுதாவிட்டாலும் உட்கார்ந்திருப்பேன்.

உனக்கும் வயிறு மந்தமாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். நீ வேலை செய்கிற மில்லுப் பக்கத்துக் கடையில் கண்டதை வாங்கித் தின்னாதே. ராத்திரி மிஞ்சின சோற்றில் காய்ச்சி ஆறிய தண்ணீர் ஊற்றி மூடிவை, காலையில் மோர் கிடைத்தால் மோர், இல்லாவிட்டால் உப்பும் வெங்காயமும் போட்டுக் குடி. கூட இருக்கிறவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். நைனா திதிக்கு அங்கேயே ஏதாவது ஒரு குளத்தில் முழுகு, மறந்துவிடாதே. நீ நூறு வருஷம் பசித்துப் புசித்து நன்றாக இருக்கவேண்டும், என் மேல் கோபம் இருந்தாலும் நன்றாக இரு.

இப்படிக்கு,
உன் சொல்லைக் கேட்காத அம்மா,
கன்னியம்மாள்

கடுதாசியை மடிக்கப் போனேன், வடிவு எழுந்து வந்து பக்கத்தில் நிற்கிறாள். அத்தே, பசிக்குது என்கிறாள். காய்ச்சலுக்கு அப்புறம் இவள் வாயில் இந்த வார்த்தையை இன்றைக்குத்தான் கேட்கிறேன். நீ எழுதினபடி நான் பானையை உடைத்திருந்தால் இப்போது இவளுக்கு என்னத்தைக் கரைத்துக் கொடுப்பேன், சொல்லுடா?